எம் 101 கேலக்ஸி கடலூரிலிருந்து தெரியுமா, தெரியாதா? நாலு ராத்திரி தேடியாகிவிட்டது

மஞ்சக்குப்பம் மொட்டைமாடி:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் போனஸில் ஒரு 6 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்கினேன். குவியத்தூரம் 1200 மி.மீ., கூட 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்). நிலா, வியாழன், ஓரியன் நெபுலா எல்லாம் பார்த்து, தெருவில் பாதிப் பேருக்குக் காட்டியும் முடித்தாகிவிட்டது. அடுத்து கேலக்ஸிதான் என்று மெசியேயின் 'எம்' பட்டியலைத் திறந்தேன். எம் 101-க்கு மேக்னிட்யூட் (பிரகாச எண்) 7.9, எம் 51-க்கு 8.4 என்று போட்டிருக்கிறது. எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும் என்றுதானே படித்தோம், அதனால் சுலபமானதில் ஆரம்பிப்போம் என்று எம் 101-ஐப் பிடித்துக்கொண்டேன்.

நாலு ராத்திரி ஆயிற்று. தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பத்திலிருந்து பதினொன்றரை வரை சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கம் ஒவ்வொரு அங்குலமாகத் தடவிவிட்டேன். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். கடுப்பில் எம் 51 பக்கம் திருப்பினால், அடக் கொடுமையே, அது தெரிகிறது! தலையணையிலிருந்து பிய்ந்து வந்த பஞ்சுத் துணுக்கு மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. 8.4 தெரிகிறது, 7.9 தெரியவில்லை. இது என்ன கணக்கு?

கண்ணாடியில் கோளாறா, என் கண்ணில் கோளாறா? பெட்டி மேல் அச்சடித்திருப்பதும் எம் 101 தான் போலிருக்கிறது, நீலமும் ரோஸுமாகச் சுருள் சுருளாக. விற்றவரும் ஏறக்குறைய இப்படித் தெரியும் என்றுதான் சொன்னார். வீட்டில் இதற்காகத்தான் இவ்வளவு காசா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் பார்க்கிற பார்வை சரியில்லை.

லாஸ்பேட்டை வாத்தியார்:

தம்பி, கண்ணாடியும் சரி, கண்ணும் சரி. அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷம் முன்பு நானும் இதே எம் 101-இடம் இதே மாதிரி ஏமாந்தவன்.

7.9 என்பது அந்த கேலக்ஸியின் மொத்த வெளிச்சத்தையும் திரட்டி ஒரே புள்ளியில் வைத்தால் எவ்வளவு பிரகாசமோ, அது. ஆனால் எம் 101 புள்ளி இல்லையே, கிட்டத்தட்ட முழுநிலா அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. எம் 51 அதில் பத்தில் ஒரு பங்கு பரப்புதான். மேக்னிட்யூடில் அரை எண் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 1.6 மடங்கு. ஆக எம் 101-க்கு ஒன்றரை மடங்கு சொச்சம் வெளிச்சம், பரப்போ பத்து மடங்கு. ஒரு கரண்டி மாவில் ஊத்தப்பம் ஊற்றினால் அது எம் 51. ஒன்றரைக் கரண்டி மாவை ஹோட்டல் கல் முழுக்க இழுத்த பேப்பர் ரோஸ்ட் எம் 101. மாவு அதிகம்தான், ஆனால் அடியில் கல் தெரிகிறது. ஒரே அளவு இடத்தை எடுத்துப் பார்த்தால் எம் 51-ன் பிரகாசத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். இதில் கல்லே வெள்ளையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள், கடலூர் வானம் அதுதான்.

உங்களுக்கு ஒரு ஆறுதல் சொல்கிறேன். இதை முதலில் பார்த்தவர் பிரெஞ்சு வானியலாளர் பியர் மெஷான், 1781 மார்ச் 27. அவர் சொல்லித்தான் மெசியே தன் பட்டியலில் சேர்த்தார். அந்தக் குறிப்பிலேயே நட்சத்திரம் ஏதும் இல்லாத, மிக மங்கலான நெபுலா என்றுதான் இருக்கிறது. ஐபீஸுக்குள் அளவெடுக்கும் கம்பிகளுக்கு விளக்குப் போட்டால் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம் என்றும் எழுதியிருக்கிறார். மின்சார விளக்கே இல்லாத காலத்து பாரிஸில் அந்தச் சின்ன வெளிச்சத்துக்கே அது மறைந்தது என்றால், உங்கள் தெருக் கோடியில் எல்.இ.டி. விளக்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கும்பிபாகம்:

பெட்டிப் படத்தை நம்பி டெலஸ்கோப் வாங்குவது சிகப்பழகு க்ரீம் விளம்பரத்தை நம்பி க்ரீம் வாங்குகிற மாதிரி. அந்தப் படம் நிஜமாகவே எம் 101 என்றால், பெரும்பாலும் 2006-ல் ஹப்பிள் வெளியிட்டதாகத்தான் இருக்கும். 51 தனித்தனி எக்ஸ்போஷர்களை ஒட்டிச் செய்த படம் அது, வளிமண்டலத்துக்கு மேலே 2.4 மீட்டர் கண்ணாடியில் எடுத்தது. உங்களிடம் இருப்பது 15 சென்டிமீட்டர், அதுவும் கடற்கரை ஊரில். நிறம் 6 அங்குலத்தில் தெரியவே தெரியாது, மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பார்க்கிற சக்தி கிடையாது, எல்லாம் சாம்பல்தான். விற்றவர் தலையைக் காட்டினால் போய் இரண்டு வார்த்தை கேளுங்கள்.

பாகூர் ஏரிக்கரை:

வாத்தியார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஊரை விட்டுவிட்டார். கடலூர்க்காரருக்கு எம் 101 விஷயத்தில் தனியாக ஒரு சாபம் உண்டு. அது உச்சிக்கு வரும்போது நேர் வடக்கில் நிற்கும், 47 டிகிரி உயரம்தான் வரும். கடலூருக்கு வடக்கே என்ன இருக்கிறது? புதுச்சேரி. இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரு நகரமே விளக்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தெற்கே விருச்சிகம், தனுசு பார்க்கக் கடலூர் அருமையான ஊர், நானே அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பேன். வடக்கு வானத்துக்கு அது உதவாது. நான் இருக்கிற பாகூரில் வடக்கே புதுச்சேரி, தெற்கே கடலூர், தென்மேற்கே நெய்வேலி. கிழக்கே கடல் ஒன்றுதான் இருட்டு, அதிலும் மீன்பிடி போட்டுகளின் விளக்கு.

வடக்கு பார்க்க வேண்டும் என்றால் புதுச்சேரியைத் தாண்டிப் போய்விட வேண்டும், அப்போது அது முதுகுப் பக்கம் வந்துவிடும். ஈ.சி.ஆர். வழியாக மரக்காணம் உப்பளம் பக்கம் போங்கள். சென்னை வெளிச்சம் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி.

தேவனாம்பட்டினம்:

மரக்காணம் வரை எதற்கு? பங்குனி மாதம் பத்து, பதினொரு மணிக்கு எம் 101 இன்னும் உச்சிக்கு வந்திருக்காது, வடகிழக்கில்தான் இருக்கும். சில்வர் பீச்சில் நின்றால் அந்தத் திசை கடல். புதுச்சேரி அதற்கு இடது பக்கம் ஒதுங்கிவிடும். வீட்டிலிருந்து பத்து நிமிஷம்.

பாகூர் ஏரிக்கரை:

யோசனை நல்லதுதான், நானும் செய்து பார்த்தேன். அந்த நேரத்தில் அது முப்பது டிகிரி உயரம்தான் இருக்கும், உச்சியில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு கனமான காற்றை ஊடுருவி வர வேண்டும். அந்தக் காற்றும் சும்மாவா, கடல் உப்பும் ஈரமும் கலந்த பால்காற்று. அப்புறம் பீச்சில் அந்த உயரமான விளக்குக் கம்பம். பஜ்ஜிக் கடை பக்கம் நின்று கேலக்ஸி பார்க்க முடியாது அண்ணா.

மஞ்சக்குப்பம் மொட்டைமாடி:

பேப்பர் ரோஸ்ட் கணக்கு இப்போதுதான் மண்டையில் ஏறியது, நன்றி சார். இன்னும் இரண்டு சந்தேகம். நான் தேடியது பெரும்பாலும் 10 மி.மீ. ஐபீஸில், பெரிதாக்கினால் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். தப்பா? அப்புறம், நகர வெளிச்சத்தை வெட்டும் ஃபில்டர் என்று ஒன்று விற்கிறார்களே, அதை வாங்கினால் மரக்காணம் செலவு மிச்சமாகுமா? பார்க்க வேண்டிய இடம் சரிதானா என்பதும் உறுதியில்லை, யாராவது வழி சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வாத்தியார்:

10 மி.மீ. போட்டீர்களா, அப்படியென்றால் ஒருவேளை எம் 101-க்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு எம் 101-ஐத் தேடியிருக்கிறீர்கள்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் குழாயில் 10 மி.மீ. என்றால் 120 மடங்கு, கூட வருகிற சாதாரண ஐபீஸில் அரை டிகிரிகூட வானம் தெரியாது. கேலக்ஸியே அவ்வளவு அகலம். வட்டம் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சம் பரவியிருந்தால் எது கேலக்ஸி, எது வானம் என்று கண் எப்படிப் பிரிக்கும்? மூடுபனிக்குள் நிற்பவனுக்கு மூடுபனி எங்கே முடிகிறது என்று தெரியாது. ஓரம் தெரிய வேண்டும், சுற்றிலும் கொஞ்சம் வெறும் வானம் வேண்டும். 25 மி.மீ. போடுங்கள், 48 மடங்கு, ஒரு டிகிரிக்கு மேல் தெரியும். முடிந்தால் யாரிடமாவது 32 கடன் வாங்குங்கள்.

வழி சொல்கிறேன். பங்குனி மாதம் ராத்திரி ஒன்று, ஒன்றரைக்கு வடக்கு பார்த்து நில்லுங்கள். சப்தரிஷி தலைகீழாகக் கவிழ்ந்து, வால் வலது பக்கம் நீண்டிருக்கும். வால் நுனி மரீசி. நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர், அவரை ஒட்டி அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்து எல்லோரும் ஆமாம் தெரிகிறது என்று பொய் சொன்னோமே, அதே அருந்ததிதான், இப்போது நிஜமாகப் பாருங்கள். வசிஷ்டர், மரீசி இரண்டையும் அடியாக வைத்து வலது பக்கம் கீழே ஒரு சம முக்கோணம் போட்டால் மூன்றாவது முனையில் எம் 101. கண்ணளவில் இது போதாது, ஃபைண்டரில் (குழாய் மேல் இருக்கிற குறிபார்க்கும் சின்னக் குழாய்) வசிஷ்டரிலிருந்து வலது பக்கம் நகர்ந்தால் மங்கலாக நாலு நட்சத்திரம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வரைபடத்தில் 81, 83, 84, 86 என்று எண் போட்டிருக்கும். பஸ் ஸ்டாப் மாதிரி ஒவ்வொன்றாக நின்று போங்கள். 86-ல் இறங்கி அதே போக்கில் இன்னும் ஒன்றரை டிகிரி, கொஞ்சம் கீழே. அங்கே நிறுத்திவிட்டு ஐபீஸுக்கு வாருங்கள். டாப்சோனியன் என்பதால் உள்ளே எல்லாம் தலைகீழாகத் தெரியும், அதை மறக்கக் கூடாது.

வந்ததும் உற்றுப் பார்க்காதீர்கள். உற்றுப் பார்த்தால் ஓடிப் போய்விடும், ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள், படம் ஆடும்போது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். அரை மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டு ஆரம்பியுங்கள், நடுவில் போனை எடுத்தால் அந்த அரை மணி வீண்.

ஃபில்டர் வேண்டாம். அது வாயு நெபுலாக்களுக்கு வேலை செய்யும், ஏனென்றால் அவை குறிப்பிட்ட ஒரு சில நிறத்தில் மட்டும் ஒளிர்கின்றன. கேலக்ஸி என்பது நட்சத்திரக் கூட்டம், எல்லா நிறத்திலும் ஒளி வருகிறது, வெட்டினால் அதையும் சேர்த்துத்தான் வெட்டும். எல்.இ.டி. தெருவிளக்கும் அப்படித்தான். அந்தக் காசுக்குப் பெட்ரோல் போடுங்கள்.

முத்தியால்பேட்டை 8 அங்குலம்:

எம் 101 என்றதும் எனக்கு 2023 மே மாதம்தான் ஞாபகம் வருகிறது. மே 19-ம் தேதி கொய்ச்சி இதாகாகி என்ற ஜப்பான்காரர் அதில் ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடித்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார், எஸ்.என். 2023 ஐ.எக்ஸ்.எஃப். அவர் அமெச்சூர்தான், நம்மைப் போல என்று சொல்ல ஆசை, ஆனால் அவர் இதுவரை பிடித்த சூப்பர்நோவாக்கள் நூற்றுக்கு மேல். நாலைந்து நாளில் அது மேக்னிட்யூட் 11 பக்கம் வந்துவிட்டது. கத்திரி வெயில் நேரம், ராத்திரியிலும் மாடித்தளம் காலைச் சுடுகிறது, நான் சாக்கை நனைத்துப் போட்டு அதன் மேல் நின்றுகொண்டிருந்தேன். இளம்பிறை மறையட்டும் என்று காத்திருந்து, பத்தரைக்கு மேல் இடத்தைப் பிடித்தேன். கேலக்ஸி சுத்தமாகத் தெரியவில்லை, வெறும் சாம்பல் வானம். ஆனால் அதில், பழைய வரைபடத்தில் எதுவும் இல்லாத இடத்தில், ஒரு நட்சத்திரம் நின்றது. இரண்டு தரம், மூன்று தரம் ஒப்பிட்டேன். அதுதான்.

யோசித்துப் பாருங்கள், மொத்த கேலக்ஸியும் தெரியவில்லை, அதில் வெடித்த ஒற்றை நட்சத்திரம் தெரிகிறது. வாத்தியார் சொன்ன கணக்கின் மறுபக்கம் இது: அது மொத்த வெளிச்சமும் ஒரே புள்ளியில் இருக்கிற சமாசாரம், மாவை இழுக்கவே இல்லை. 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டு தூரம். அந்தச் செம்பெரு நட்சத்திரம் வெடித்தபோது இங்கே மனிதனே கிடையாது. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் நிஜமாகவே ஒரு அக்னி நட்சத்திரம் பார்த்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னால் யாரும் சிரிக்கவில்லை.

கிளைமாக்ஸ் இனிமேல்தான். பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போயிற்று, எங்கள் பக்கம் முழுக்க. வாழ்க்கையில் முதல் தடவை கரண்ட் போனதற்குச் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். ஐபீஸில் கண் வைத்தபடியே இருந்தேன், அந்த நட்சத்திரத்தைச் சுற்றி, ஒரு பக்கமாக, மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி ஏதோ ஒன்று விரிந்தது. எட்டு நிமிஷம். கரண்ட் வந்தது, தெருவே ஹே என்றது, கேலக்ஸி போய்விட்டது.

குயவர்பாளையம்:

நான் ஒன்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். மாடியை விட்டு நகராமலே எம் 101-ன் சுருள் கைகள் வேண்டும் என்றால் ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்க வேண்டியதுதான். பத்துப் பத்து விநாடியாக எடுத்து அதுவே அடுக்கிக்கொள்ளும், ஒரு மணி நேரம் விட்டால் போனில் கைகள் வந்துவிடுகின்றன, புதுச்சேரி நடுவிலிருந்தே. ஒரு பக்கம் கை நீண்டு கோணலாக இருப்பதுகூடத் தெரிகிறது. பக்கத்துச் சின்ன கேலக்ஸிகள் இழுத்த இழுப்பில் வந்த கோணல் அது.

லாஸ்பேட்டை வாத்தியார்:

சண்டை எதற்கு, படம் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அந்த ஒளி என் கண்ணில் வந்து விழ வேண்டும், போனில் இல்லை. இது பிடிவாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். மஞ்சக்குப்பம் தம்பி இப்போதுதான் ஒன்று வாங்கி வீட்டில் பார்வை வாங்கிக்கொண்டிருக்கிறார், அவரிடம் போய் இன்னொன்று வாங்கு என்கிறீர்களே.

இன்னொன்று, எம் 51 தெரிந்ததைச் சும்மா பஞ்சு என்று தள்ளிவிடாதீர்கள். மெசியே அதைக் கண்டது 1773-ல். அதில் சுருள் இருக்கிறது என்று தெரிய 1845 ஆயிற்று, அயர்லாந்தில் ரோஸ் பிரபு 72 அங்குலக் கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான். 72 வருஷம், 72 அங்குலம். உங்களுக்கு நாலு ராத்திரிதான் ஆகியிருக்கிறது.

கும்பிபாகம்:

புதுச்சேரி வானத்தைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் ல ஜாந்தியை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர், 1749-ல் ஆண்ட்ரோமெடாவின் துணை கேலக்ஸி எம் 32-ஐக் கண்டுபிடித்தவர். 1761-ல் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார், வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, அன்றைக்கு நடுக்கடலில் ஆடுகிற கப்பலில் இருந்தார். அடுத்தது எட்டு வருஷம் கழித்து. மனுஷன் ஊருக்குத் திரும்பவில்லை. 1768-ல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டைக்குள் ஒரு வானோக்குக் கூடம் கட்டி, உள்ளூர்த் தமிழர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றுக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் மாதம் அந்த நாள் விடியும்போது மேகம். எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. பிரான்ஸ் திரும்பினால் அவர் செத்துவிட்டதாக நினைத்து சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு ராத்திரிக்கே நம்மவர் இந்த ஆட்டம் ஆடுகிறார்.

மஞ்சக்குப்பம் மொட்டைமாடி:

போய்விட்டு வந்தேன். இன்னும் தூங்கவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை, மச்சான் காரில் பின் சீட்டை மடித்துக் குழாயைப் படுக்கவைத்துக் கிளம்பினோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் பகலிலேயே போனில் கேட்டு வைத்திருந்தோம், வரப்பில் ஏறாதே, பாத்தியை மிதிக்காதே, ரோட்டோரம் மண் தரையில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் இரு என்றார். கழுவேலிச் சரணாலயப் பக்கம் போகவில்லை. குவித்து வைத்த உப்பு நட்சத்திர வெளிச்சத்திலேயே வெள்ளையாகத் தெரிகிறது, அதைப் பார்த்தபோதே நம்பிக்கை வந்துவிட்டது. தெற்கே புதுச்சேரி வெளிச்சம் அடுப்புக் கங்கு மாதிரி. வடக்கே கீழே கொஞ்சம் வெளிறல், மேலே கருப்பு. அருந்ததி வெறும் கண்ணுக்குத் தெரிந்தது, கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து.

81, 83, 84, 86. இரண்டு தரம் 84-க்குப் பிறகு வழி தப்பினேன், ஃபைண்டரும் பனியில் மூடிக்கொண்டது, துண்டால் துடைத்துத் துடைத்து. மூன்றாவது தரம் 86-ல் இறங்கி ஒன்றரை டிகிரி. 25 மி.மீ. ஒன்றும் இல்லை. ஓரக்கண். ஒன்றும் இல்லை. தட்டினேன். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அப்புறம் வட்டத்தின் ஒரு பகுதி மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கருப்பு குறைவாக இருக்கிறதே என்று பட்டது. விலகிப் போய்த் திரும்பி வந்தேன், அதே இடத்தில் இருந்தது. நடுவில் சின்னதாக ஒரு அடர்த்தி, ஓரம் எங்கே என்று சொல்ல முடியாத ஒரு வட்டம். சுருளும் இல்லை ஒன்றும் இல்லை. மச்சானைக் கூப்பிட்டேன், பார்த்துவிட்டு எங்கே என்றான். பத்து நிமிஷம் இருட்டில் நிற்கவைத்துத் திரும்பக் காட்டினேன். அவனே குழாயைத் தட்டினான். இதா, என்றான். அப்புறம் இவ்வளவு பெரிசா, என்றான். எனக்கு அது போதும்.

எம் 51-ஐயும் பார்த்தோம், இங்கே பார்த்த அதே பஞ்சுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது, இரண்டுக்கும் நடுவே லேசாக ஏதோ ஒட்டியிருப்பது போலவும் பட்டது. ஆசையில் பட்டதா தெரியவில்லை.

திரும்பி வரும்போது புதுச்சேரி எல்லை தாண்டியதும் சோதனைச்சாவடியில் காரை நிறுத்தினார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் பின் சீட்டில் நாலடி நீளத்துக்குப் போர்வை சுற்றிய குழாய், அவர்கள் என்ன நினைப்பார்கள்? பிரித்துக் காட்டச் சொன்னார்கள். டார்ச் அடித்து உள்ளே பார்த்த காவலர் தன் முகமே பெரிதாகத் தெரிந்ததும் ஒரு அடி பின்னால் போனார். பாட்டில் எதுவும் இல்லை, வெறும் கண்ணாடிதான் என்றேன். என்ன பார்க்கப் போனீர்கள் என்றார். சொன்னேன். தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்தது சார் என்றபோது குரலில் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது என்று மச்சான் சொல்கிறான்.

ஒரே ஒரு கேள்வி. கண்ணாடி மேல் மெல்லிய படலம் மாதிரி படிந்திருக்கிறது, உப்புக் காற்றாக இருக்குமோ? பழைய வேட்டித் துணியால் துடைக்கலாமா?

லாஸ்பேட்டை வாத்தியார்:

துடைக்காதீர்கள்! உப்பு மணல் மாதிரி, தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். மூடியைத் திறந்து நிழலில் காய வையுங்கள், பெரும்பாலும் அது வெறும் பனியாகத்தான் இருக்கும். காய்ந்த பிறகும் படலம் இருந்தால் கண்ணாடியைக் கழற்றி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கழுவ வேண்டும், கை படாமல். கழற்றத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டை வாருங்கள், சேர்ந்து செய்வோம், அப்படியே திரும்பப் பூட்டும்போது நேர்செய்வதையும் கற்றுக்கொள்ளலாம்.

முத்தியால்பேட்டை 8 அங்குலம்:

அடுத்த அமாவாசைக்கு மரக்காணம் போனால் காரில் ஒரு இடம் வையுங்கள். என் 8 அங்குலத்தையும் கொண்டுவருகிறேன், சோதனைச்சாவடியில் இரண்டு குழாய்க்கும் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.